பழைய வண்டிகளையும் சேர்த்துச் சார்ஜ் எடு

என் செல்ல மகன் ஜெபினுக்கு,

முதலில் சாப்பிடு. இந்தக் காகிதத்தைப் பொதிச்சோற்றுக்கு மேலே வைக்காமல் அடியில் வைத்ததே அதற்காகத்தான். மேலே வைத்தால் சோற்றை ஆறவிட்டுவிட்டு இதைப் படிப்பாய், படித்துவிட்டுக் கோபத்தில் சாப்பிடமாட்டாய். பொரித்த மீனில் முள் கிடக்கும், ரயில் ஆடும், பார்த்துத் தின்னு. கையைக் கழுவு. எதிர் சீட்டுக்காரர் எந்த ஊர், எங்கே வேலை என்று கேட்டால் பதில் சொல்லி முடி. பிறகு படி. நீ ஓசூரில் இறங்கக் காலையாகும், அவசரமில்லை.

நீ லீவுக்கு வந்ததிலிருந்து நாம் இரண்டு பேரும் சண்டைதான் போட்டோம். உன்னோடு வாயால் பேசி என்னால் ஜெயிக்க முடியவில்லை மக்களே. நீ இன்ஜினியர், ஒன்றின்மேல் ஒன்றாகக் காரணத்தை அடுக்குகிறாய். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டால் சொல்லவந்ததில் பாதி மறந்துவிடுகிறது. உன் அப்பாவோ, "அவன் போக்கில விடு ஏட்டி" என்று சொல்லிவிட்டுத் தென்னைக்குத் தண்ணீர் விடப் போய்விடுகிறார். காகிதத்தில் யாரும் குறுக்கே பேசமுடியாது. அதனால் எழுதுகிறேன்.

விஷயத்தை ஒரே பேச்சில் சொல்லிவிடுகிறேன். மூடிக் கிடந்த உன் சூறை பைக் கம்பெனியைக் கோயம்புத்தூரில் பம்புசெட் செய்கிற குடும்பம் வாங்கிவிட்டது. திங்கட்கிழமை நீ தொழிற்சாலைக்குத் தலைவனாகக் கையெழுத்துப் போடப்போகிறாய். சந்தோஷம். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் தலைவனாகி நீ கொடுக்கவேண்டிய முதல் உத்தரவு என்ன? பழைய வண்டிக்கு உதிரிபாகம் வார்க்கிற அச்சுகளையெல்லாம் லாரியில் ஏற்றிப் பழைய இரும்புக்கு அனுப்புவது. அது போய்விட்டால் பழைய சூறை வைத்திருக்கிற ஒருவருக்கும் இந்த ஜென்மத்தில் ஒரு சாமான் கிடைக்காது. இதை நீயேதான் சொன்னாய், சாப்பாட்டு மேசையில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னாய். அந்த உத்தரவை நீ போடக்கூடாது. கையெழுத்துக்கு முன்னால் அந்தக் குடும்பத்து முதலாளியம்மாவின் முகத்தைப் பார்த்து, பழைய வண்டிகளுக்கும் நாம்தான் பொறுப்பு என்று நீ சொல்லவேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

"இவ்வளவுதானா எம்மா?" என்று நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

உன் கம்பெனி நன்றாக இருந்த காலம் எனக்கு மறக்கவில்லை. நீ படிப்பை முடித்ததும் பெரிய பெரிய கம்பெனிகள் கூப்பிட்டன. நீ அதையெல்லாம் விட்டுவிட்டு, தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டில் நம் ஊர்க்காரன் ஒருவன் பந்தய பைக் செய்கிறானாம், அங்கேதான் போவேன் என்று நின்றாய். உன் அப்பா மஸ்கட்டில் கிரேன் ஓட்டிச் சம்பாதித்ததில் படித்தவன் நீ. நான்தான் வேண்டாமென்று சண்டை போட்டேன். "வெளிநாட்டுக்காரனால செய்ய முடியுத வண்டிய நம்மளால செய்ய முடியாதாக்கும்?" என்று நீ கேட்டாய், நானே பெட்டியை அடுக்கிக் கொடுத்தேன். அப்புறம் ஃபோன் செய்யும்போதெல்லாம் இன்ஜின் சத்தத்தைக் கேட்கவைப்பாய். எனக்கு என்ன தெரியும், ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் மாதிரித்தான் கேட்டது. ஆனாலும் நெய்யூர் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக நின்ற வார்டில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன், என் மகன் செய்கிற வண்டி பேச்சிப்பாறை வளைவில் படுத்துப் படுத்து ஏறுமென்று. நான் எங்கே அதில் ஏறினேன்? சும்மா பெருமைதான்.

முதன்முதலாக விற்பனைக்கு வந்த வண்டிகளில் ஒன்றை உனக்கென்று கொடுத்தார்கள். நீ அதை ஓட்டிக்கொண்டே ஊருக்கு வந்தாய். நம் சபையில் அறுப்பின் பண்டிகை வாரம் அது. வாழை வைத்தவன் முதல் குலையைக் கொண்டுவருவான், கோழி வளர்க்கிறவள் சேவலைக் கொண்டுவருவாள், ரப்பர்க்காரன் ஷீட்டைச் சுருட்டிக்கொண்டு வருவான். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். உன் கையால் செய்த முதல் விளைச்சல் பைக் என்றால் அதுதானே முதற்பலன்? நான்தான் சொன்னேன், வண்டியை அப்படியே பீடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்து என்று. நீ கொஞ்சம் முழித்தாய். ஆசையாகக் கொண்டுவந்த வண்டி அல்லவா. போதகர் அதைவிட அதிகம் முழித்தார். பூசணிக்காய்க்கும் கரும்புக்கும் நடுவில் அந்தச் சிவப்பு வண்டி நின்றது. அதைச் செய்தது தப்பென்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். கேட்டாலும் சொல்லமாட்டேன்.

ஏலம் உனக்கு ஞாபகமிருக்கும். சபைச் செயலாளர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "சூறை பைக்கு! நம்ம ஜெபின் செய்ததாக்கும்! எங்க போனாலும் கெடைக்காது!" என்று கத்தினார். பயல்கள் ஆளாளுக்கு ஏற்றினார்கள், ஒரு கட்டத்தில் நின்றுவிட்டார்கள். அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மார்த்தாண்டம் சந்தையில் குலை மொத்த வியாபாரம் செய்கிற கிறிஸ்துதாஸ். ஐம்பதைத் தாண்டிய மனுஷன், தொப்பை வேறு. வருஷா வருஷம் முதல் மட்டிக்குலையை அவர்தான் எடுப்பார். "வே கிறிஸ்துதாஸு, இது குலையில்ல, பைக்கு" என்று யாரோ சொன்னதற்கு, "குலைதான் எடுப்பேன்னு நான் யாருக்காவது எழுதிக் குடுத்திருக்கனாவே?" என்று கேட்டு மேலும் ஏற்றினார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். முற்றம் முழுக்கக் கைதட்டல். அவர் உன்னிடம் வந்து என்ன கேட்டார்? "மக்கா, இதில வேட்டியோட ஏறலாமா?"

ஏறினாரே! வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, தலையில் துவர்த்துத் துண்டைக் கட்டி அதன்மேல் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு, வயிறு டேங்கில் இடிக்க இடிக்கக் குனிந்து ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போன ஆளை இந்த வட்டாரத்தில் பார்க்காதவர்கள் இல்லை. அவர் மனைவி என்னைப் பார்க்கும்போதெல்லாம் சண்டைக்கு வந்தாள். "சிஸ்டரே, உங்க மகன் என் மாப்பிளைக்கு இருவது வயசு ஆக்கிவிட்டுட்டான், இனி நான் எங்க போய் நிப்பேன்?" என்பாள். சிரித்துக்கொண்டுதான் கேட்பாள். அவரைப் பார்த்து நம் சபையிலும் பக்கத்துச் சபைகளிலும் கடற்கரையிலும் எத்தனை பேர் சூறை வாங்கினார்கள்! விளம்பரத்தைப் பார்த்தா வாங்கினார்கள்? நெய்யூர் சிஸ்டருக்க மகன் செய்த வண்டி, கிறிஸ்துதாஸ் ஓட்டுத வண்டி என்று வாங்கினார்கள்.

பிறகு நடந்ததை நான் சொல்லி உனக்குத் தெரியவேண்டியதில்லை. உன் பழைய முதலாளிக்கு வண்டி செய்யத் தெரிந்தது, கடை நடத்தத் தெரியவில்லை. ஓட்டப்பந்தயத்துக்கு வெளிநாடெல்லாம் வண்டியை அனுப்பினார், உள்ளூரில் ஒரு வாஷர் கேட்டால் இல்லை. சாமான் கொடுத்தவர்கள் நிறுத்தினார்கள், சம்பளம் நின்றது, ஒருநாள் கேட்டையும் பூட்டிவிட்டார்கள். நீ தாடியோடு வந்து மாமரத்தடியில் கட்டிலைப் போட்டுப் படுத்தாய். நான் திட்டினேன். கல்ஃபுக்குப் போ என்றேன், சென்னைக்குப் போ என்றேன். நீயோ மாதத்துக்கு ஒருதரம் ஓசூருக்கு ரயிலேறினாய். எதற்கென்று கேட்டால், மிஷினெல்லாம் துருப்பிடித்துவிடும், நாலைந்து பேர் சேர்ந்து வாட்ச்மேனிடம் சொல்லி உள்ளே போய் எண்ணெய் போட்டுவிட்டு வருகிறோம் என்றாய். சம்பளம் இல்லாத வேலை. "பைத்தியக்காரப் பயலுவ" என்று உன் அப்பா அன்றைக்குச் சொன்னது உன் காதில் விழுந்திருக்கும். நீ போனபிறகு அவர் கண்ணைத் துடைத்தது உனக்குத் தெரியாது. இன்றைக்கு அந்தப் பம்புசெட் அம்மா உன்னைக் கூப்பிட்டுத் தலைவனாக்குகிறாள் என்றால், பூட்டிய ஷெட்டில் மிஷினெல்லாம் ஓடுகிற நிலையில் இருந்ததைப் பார்த்துத்தான் கூப்பிட்டாள்.

நீ மிஷினைக் காப்பாற்றினாய். வண்டியைக் காப்பாற்றியது யார் தெரியுமா? அதைத்தான் நீ கேட்கமாட்டேன் என்கிறாய்.

கேட்டைப் பூட்டிக் கொஞ்ச நாளிலேயே கிறிஸ்துதாஸின் வண்டியில் தண்ணீர் பம்பு போய்விட்டது. இன்ஜினைக் குளிரவைக்கிற அந்தச் சின்னப் பம்பு. அது இல்லாமல் ஓட்டினால் இன்ஜின் வெந்துவிடுமாம். புதிது வாங்கக் கடை இல்லை. வண்டியைக் குலை அடுக்குகிற ஷெட்டில் நிறுத்தினார். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? "ஆண்டவருக்குக் குடுத்த வண்டியல்லவா, இனி ஆண்டவர்தான் ஓட்டணும்" என்று பயல்கள் சொன்னது என் காதுபடச் சொன்னதுதான். ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் கோயிலுக்குப் போகிறேன் மக்களே. நீ ஓசூரில் இருந்துகொள்வாய். நான் அந்த மனுஷனுக்கு இரண்டு பெஞ்சு பின்னால் உட்காரவேண்டும்.

அவரோ என்னைக் கண்டால், "சுகமா சிஸ்டரே?" என்றுதான் கேட்டார். அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. ஒருநாள் நானே ஷெட்டுக்குப் போனேன். "என்னைத் திட்டிவிடுங்க" என்றேன். அவர் ஃபோனை எடுத்துக் காட்டினார். வாட்ஸாப்பில் ஒரு குழு. பேர் 'அனாதைச் சூறைகள்'. அதை நடத்துகிறவரே அவர்தானாம்! எழுத்துக்கூட்டி அடிக்கப் பொறுமையில்லாமல் எல்லாவற்றையும் வாயால் பேசி அனுப்பியிருக்கிறார். தொடுபுழாவில் ஒரு வாத்தியார், காரைக்குடியில் ஒரு பல் டாக்டர், குளச்சலில் வலைக்குப் போகிற ஒரு பையன், இன்னும் எங்கெங்கேயோ இருக்கிறவர்கள். ஒருவன் வண்டி விழுந்து நொறுங்கிவிட்டால் அதிலிருந்து கழற்றிய சாமான் இன்னொருவனுக்கு பஸ்ஸில் பார்சலாகப் போகிறது. தன் வண்டியின் பிரேக் சாமானைக் கழற்றி அந்த வாத்தியாருக்கு அனுப்பியிருக்கிறார் கிறிஸ்துதாஸ். "எனக்க வண்டி நிக்கத்தானே செய்யுது சிஸ்டரே, அவருக்கது ஓடட்டும்" என்றார். பழைய இரும்புக்குக் கேட்டு எத்தனையோ பேர் வந்தார்களாம். கொடுக்கவில்லை. அந்தக் குழுவில் ஒருவர்கூடக் கொடுக்கவில்லை.

இப்போது நீ வந்தாய், கையில் லட்டுப் பெட்டியோடு. கம்பெனி பிழைத்துவிட்டது, தீபாவளிக்குப் புது சூறை வருகிறது என்று என்னைத் தூக்கிச் சுற்றினாய். இடுப்பு வலியோடு சிரித்தேன். கீழே இறக்கினதும் நான் கேட்ட முதல் கேள்வி, "அப்ப கிறிஸ்துதாஸுக்க பம்பு?" உன் முகம் மாறியது. "எம்மா, அது வேற கம்பெனி, இது வேற கம்பெனி. பேரு மட்டும்தான் ஒண்ணு." நான் கேட்டேன், "பின்ன பேர எதுக்கு வாங்கினாவ?" நீ லட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாய்.

உன் பக்க நியாயத்தையும் எழுதிவிடுகிறேன், நான் ஒருதலையாகப் பேசுகிறேன் என்று சொல்லாதே. பாங்கி ஏலத்தில் அவர்கள் வாங்கியது ஷெட்டும் மிஷினும் பேரும்தான், பழைய வண்டிக்கான பொறுப்பு அதில் இல்லை. சட்டப்படி ஒரு ஆணிகூடக் கொடுக்கவேண்டியதில்லை. புது வண்டிக்கு இடம் வேண்டும், பழைய அச்சுகள் பாதி ஷெட்டை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. தீபாவளியைத் தவறவிட்டால் அந்த அம்மாவின் அண்ணன் தம்பிகள் கையை விரித்துவிடுவார்கள், திரும்ப வேலைக்கு வந்த அத்தனை பேரும் தெருவுக்கு வருவார்கள். "முதல்ல கம்பெனி எழும்பி நிக்கட்டும் எம்மா, பிறகு பழசப் பாப்போம்." எல்லாம் சரிதான். ஆனால் அச்சை உடைத்துவிட்டுப் பிறகு எதைப் பார்ப்பாய்? பிள்ளையைக் கிணற்றில் போட்டுவிட்டுப் பேர் வைக்க நாள் பார்க்கிற கதையாக இருக்கிறது.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் வார்டில் நின்றவள். எனக்குக் கம்பெனிச் சட்டம் தெரியாது, சார்ஜ் எடுப்பது தெரியும். காலை டியூட்டிக்காரி போகும்போது மதிய டியூட்டிக்காரியைக் கூட்டிக்கொண்டு கட்டில் கட்டிலாக நடப்பாள். இவருக்கு இன்றைக்குத் தையல் பிரிக்கவேண்டும், இவருக்குக் காய்ச்சல், இவர் பயந்துகொண்டிருக்கிறார், கொஞ்சம் பேசு. கடைசிக் கட்டில் வரைக்கும் நடந்து முடிந்தால்தான் சார்ஜ் மாறும். மாறின பிறகு, 'இவரை அட்மிட் பண்ணினது நானில்லை' என்று ஒருத்தியும் சொல்லக்கூடாது. நான் இன்சார்ஜாக இருந்தபோது ஒருத்தி சொன்னாள். குளச்சல்காரர் ஒருவர் வலியில் கூப்பிட்டிருக்கிறார், அது காலை டியூட்டிக்காரி பார்க்கவேண்டியது என்று இவள் கட்டிலைத் தாண்டிப் போயிருக்கிறாள். அவளைத் தொப்பியைக் கழற்றி மேசையில் வைக்கச் சொன்னேன். "இந்த வார்டுல கெடக்கிற எல்லாரும் உனக்க ஆளுதான்னா தொப்பிய எடு, இல்லன்னா வீட்டுக்குப் போ" என்றேன். அழுதுகொண்டே எடுத்தாள். பிறகு அவளைப் போல் வேலை பார்த்தவள் கிடையாது. புது வார்டு கட்டுகிறோம் என்று பழைய வார்டில் கிடப்பவர்களைக் கொண்டுபோய் ரோட்டில் படுக்கவைப்பார்களா மக்களே? திங்கட்கிழமை நீ எடுப்பது சார்ஜ். கடைசிக் கட்டில் வரைக்கும் நடந்து பார்த்துவிட்டு எடு.

என் தொல்லை தாங்காமல் நீ ஒரு வழி கண்டுபிடித்தாயே, அதற்கு வருகிறேன். "கிறிஸ்துதாஸ் மாமாவுக்கு மட்டும் எனக்க கைக்காசில ஒரு புது சூறை குடுத்திடுதேன், போதுமா?" என்றாய். என்னையும் கூட்டிக்கொண்டு அவருடைய குலை ஷெட்டுக்குப் போனாய். நல்ல மனசோடுதான் போனாய், அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. அவர் ஏத்தன் வாழைக்குலையை எடை போட்டுக்கொண்டிருந்தார். நீ சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு என்ன சொன்னார்?

"புதுசு தாறேன்னு சொல்லுதியே மக்கா, பெரிய சந்தோசம். எனக்கு மட்டுமா?"

நீ, "மாமா, எல்லாருக்கும் எப்பிடி முடியும்?" என்றாய்.

"எல்லாருக்கும் புதுசு வேண்டாம். பழசுக்க பம்பு குடுத்தாப் போதும். காசு குடுத்துத்தான் வாங்குவோம், ஓசியில யாருக்கு வேணும்? நான் மட்டும் புதுசுல ஏறிப் போனா அந்த வாத்தியாரு மொகத்தில எப்பிடி முழிப்பேன்? நான்தானே தெனமும் அவியகிட்ட, விக்காதீங்க, நம்ம ஜெபின் வருவான், வருவான்னு சொல்லிட்டுக் கெடக்கேன்."

அதைக் கேட்டதும் நீ தலையைக் குனிந்துகொண்டாய். வீடு வருகிற வரைக்கும் நான் பேசாமல் வந்தது எவ்வளவு கஷ்டம் என்று உன் அப்பாவைக் கேள்.

வீட்டுக்கு வந்து கடைசி ஆயுதத்தை எடுத்தாய். "கல்யாணம் நிச்சயம் பண்ணிருக்கு எம்மா. இப்ப போய் முதலாளிகிட்ட வம்பு பண்ணி வேலை போச்சுன்னா?" இது நியாயமான பயம். பெண்வீட்டார் கன்னியாகுமரியில் லாட்ஜ் நடத்துகிறவர்கள், உன் மாமனார் வருகிற விருந்தாளியிடமெல்லாம் மருமகன் ஃபேக்டரி ஹெட் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் என்ன செய்தேன் தெரியுமா? நீ குளிக்கப் போன நேரத்தில் ஷீபாவுக்கே ஃபோன் பண்ணிவிட்டேன். கோபப்படாதே. கட்டிக்கொள்ளப் போகிறவளுக்குத் தெரியவேண்டாமா? எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சொன்னாள், "மாமி, கல்யாணக் கார்டு இன்னும் பிரிண்டுக்குப் போகல்ல, ஹெட்டுன்னு போடாம விட்டுடலாம். அப்பாவ நான் பாத்துக்கிடுதேன். அவிய முதலாளிகிட்ட கேக்கட்டும். கேட்டு வேலை போனா எனக்கு வெக்கமில்ல." அவளை நான் பெறவில்லையே என்று இருந்தது. இந்தச் சாக்கும் உனக்கு இல்லை.

ஆக, எப்படிக் கேட்பது என்பதுதான் மிச்சம். பிச்சை கேட்கிற மாதிரிக் கேட்காதே. பழைய முதலாளியைக் குறை சொல்லித் தொடங்காதே, அவர் இல்லாமல் நீ இல்லை. அந்த அம்மாவிடம் சட்டம் பேசாதே, சட்டத்தில் அவள்தான் ஜெயிப்பாள். அந்த 'அனாதைச் சூறைகள்' குழுவில் வருகிற பேச்சைப் போட்டுக் கேட்கவை. கம்பெனி செத்தபிறகும் பழைய இரும்புக்குக் கொடுக்காமல் வண்டியைத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறவர்களின் சத்தம் அது. அவள் விலை கொடுத்து வாங்கியிருக்கிற பேர் இவர்கள் வாயில்தான் இன்னும் உயிரோடு இருக்கிறது. இவர்களைக் கைவிட்டுவிட்டால் புது வண்டியை எவன் நம்பி வாங்குவான்? 'நாளைக்கு இதையும் எவனாவது வாங்கினால் என்னையும் இப்படித்தானே விடுவார்கள்' என்று நினைக்கமாட்டானா? கிறிஸ்துதாஸ் ஒருவரைப் பார்த்து எத்தனை பேர் வாங்கினார்கள் என்று சொல். அதே கிறிஸ்துதாஸ் வாய் திறந்து வேண்டாம் என்று சொன்னால் எத்தனை பேர் வாங்கமாட்டார்கள் என்பதையும் சொல். இன்னொன்று. நின்றுபோன வண்டிகளில் முக்கால்வாசிக்குப் போனது தண்ணீர் பம்பு என்று நீயே சொன்னாய். பரம்பரையாகப் பம்பு செய்கிற குடும்பம், ஒரு பம்பு செய்து தரமாட்டோம் என்று சொன்னால் ஊர் சிரிக்காதா? இதை நான் சொன்னேன் என்றே சொல். அவளும் என் வயசுக்காரி என்கிறாய். புரியும்.

அச்சுகளுக்கு இடம் இல்லை என்றால் வெளியே ஒரு ஓலைக்கொட்டகை போடச் சொல். அதுவும் முடியாது என்றால் நம் ரப்பர் ஷெட்டு காலியாகத்தான் கிடக்கிறது, ஏற்றி அனுப்பு. உன் அப்பா சரியென்று சொல்லிவிட்டார். சொன்னார் என்றால், நான் கேட்டபோது தலையை ஆட்டினார். மிஷினுக்கு எண்ணெய் போட்ட பயலுக்கு அச்சைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா என்ன?

நீ பயப்படுகிறாய் என்று எனக்குத் தெரியும் மக்களே. மூடின கேட்டுக்கு வெளியே நின்றவன் நீ. திறந்த கேட் திரும்ப மூடிவிடுமோ என்ற பயம் உன்னை விட்டுப் போகாது. நான் உன்னைக் கோழை என்று நினைக்கவில்லை. அன்றைக்குக் கோபத்தில் அப்படி ஒரு வார்த்தை வாயில் வந்துவிட்டது, அதை எடுத்துவிடு. ஆனால் இந்த ஒரு காரியத்தை மட்டும் நான் விடுவதாக இல்லை. நீ என்ன சொன்னாலும் விடுவதாக இல்லை.

இனி நான் சொல்லப்போவதைக் கேட்டு ரயிலில் சத்தம் போடாதே, பக்கத்தில் ஆள் தூங்கும்.

கிறிஸ்துதாஸின் லாரி ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பெங்களூருக்கு ஏத்தன்குலை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறது. வழியில்தான் உன் ஓசூர். குலைகளுக்குப் பின்னால் அந்தச் சிவப்பு வண்டியையும் கயிறு போட்டுக் கட்டி ஏற்றுகிறோம். வாத்தியார் தொடுபுழாவிலிருந்து தன் வண்டியில் வருகிறாராம், குளச்சல் பையனும் வருகிறான். கொடி பிடிக்கவோ கோஷம் போடவோ யாரும் வரவில்லை. உன்னை அவமானப்படுத்த நான் வருவேனா? கேட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை உண்டு என்று நீ சொல்லியிருக்கிறாய். நானும் உன் அப்பாவும் அங்கே உட்கார்ந்திருப்போம். நீ உள்ளே போய்க் கேள்.

சரி என்று அவர்கள் சொன்னால் கேட்டைத் திறக்கச் சொல், வண்டியை இறக்குகிறோம். கேட்க உனக்கு மனசு வரவில்லை என்றால், கையெழுத்தைப் போட்டுவிட்டு உள்ளேயே இரு. எங்களைப் பார்க்க வெளியே வரவேண்டாம், நாங்கள் டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவோம். நான் உன்மேல் கோபப்படமாட்டேன், கிறிஸ்துதாஸுக்கு என்ன சொல்வதென்று மட்டும் யோசித்துக்கொண்டே போவேன். கேட்டு, அவர்கள் முடியாது என்று சொல்லிவிட்டால், உன் பையை எடுத்துக்கொண்டு நேரே வெளியே வா. லாரி கேபினில் இடம் கொஞ்சம் நெருக்கம்தான். உன் அப்பா பின்னால் குலைமேல் உட்கார்ந்து வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

உன் அம்மா